இரண்டடித் தூரம்

ஸ்டுடியோக்காரரிடம் கேமரா இரண்டு இருந்தது, லென்ஸ் ஒன்றுதான். ஐம்பது எம்.எம். என்பார்கள். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். முன்னால் நீளாது, பின்னால் சுருங்காது. முகம் பெரிதாக வேண்டுமென்றால் ஆள் கிட்டே போக வேண்டும். கூட்டம் முழுக்க வேண்டுமென்றால் ஆள் பின்னால் போக வேண்டும். இருபது வருடமாக அவர் அப்படித்தான் போய்வந்துகொண்டிருந்தார்.

பாஸ்போர்ட் படம், கல்யாணம், பள்ளிக்கூடக் குரூப், விற்கப் போகும் வண்டி, எல்லாவற்றுக்கும் அதுவே. ஒரு கல்யாணத்தில் அறுபது பேரை ஒரே படத்தில் அடக்கப் பின்னால் போய்ப் போய், சமையல்காரர்கள் தண்ணீர் நிறைத்து வைத்திருந்த அண்டாவுக்குள் உட்கார்ந்துவிட்டார். கேமராவை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்திருந்தார். அது நனையவில்லை. அன்றிலிருந்து தெருவில் அவர் பெயர் ரிவர்ஸ்.

“ரிவர்ஸண்ணே, பின்னாடி லாரி வருது, பாத்து!” என்று எதிர்ச்சாரி டீக்கடைக்காரி கத்துவாள், அவர் நேராக நடந்து போகும்போதும்.

வீட்டின் முன்னறைதான் ஸ்டுடியோ. வெள்ளைத் திரை, இரண்டு குடை விளக்கு, ஒரு முக்காலி. பச்சைத் திரைச்சீலைக்குப் பின்னால் குடும்பம் இருக்கும் அறை, அதற்குப் பின்னால் சமையலறை. மனைவி ஜன்னலோர மேசையில் உட்கார்ந்து பாஸ்போர்ட் படங்களை நறுக்குவாள். மூன்றரைக்கு நாலரை சென்டிமீட்டர். அளவுகோல் வைக்க மாட்டாள். ஒரு நூல் பிசகாது.

“ஒரு இழுவை லென்ஸ் வாங்கித் தொலைங்களேன். இடுப்பப் பிடிச்சுக்கிட்டு ராத்திரியெல்லாம் நீங்க முனகுறது எனக்குத்தான கேக்குது.”

“கால் ரெண்டும் நல்லா இருக்கறவனுக்குக் கக்கத்துல கட்டை எதுக்கு?” என்பார் அவர்.

அந்தப் பேச்சைப் பிறகு அவர் பேசவில்லை. மச்சான் இந்த வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு.

மச்சான் என்பது மனைவியின் ஒரே அண்ணன். லேத்துப் பட்டறையில் இருபத்தைந்து வருட வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இரும்பு கடையும்போது சுருள் சுருளாகச் சீவல் பறக்கும், கொதிக்கக் கொதிக்க. ஒரு துண்டு அவருடைய பூட்சுக்குள் விழுந்து உள்ளங்காலுக்கு அடியில் போய்விட்டது. அவருக்குத் தெரியவில்லை. பத்து வருடச் சர்க்கரை, பாதத்து உணர்ச்சியை எப்போதோ தின்றுவிட்டிருந்தது. சாயங்காலம் கழுவும் இடத்தில் தரையில் ரத்தத் தடத்தைப் பார்த்து, “எவனுக்கப்பா அடிபட்டுச்சு?” என்று அவரே கேட்டிருக்கிறார்.

தங்கை போய்க் கையோடு அழைத்து வந்துவிட்டாள். திரைச்சீலைக்குப் பின்னால் கட்டில் போட்டார்கள்.

பெரிய ஆஸ்பத்திரி நாலு மணி நேரப் பயணம். வாரா வாரம் அலைய வேண்டாம் என்று அங்கே பார்த்த டாக்டரம்மாவே சொன்னார். தினமும் வீட்டில் கட்டு மாற்றுங்கள், வாரம் ஒரு படம் அனுப்புங்கள், சுருங்குகிறதா பெருகுகிறதா என்று நான் பார்க்கிறேன் என்றார். புண்ணுக்குப் பக்கத்தில் ஒட்ட அளவு போட்ட காகிதப் பட்டைகளும் கொடுத்தார்.

பட்டை ஈரத்தில் சுருண்டது. இரண்டு வாரம் அதோடு மல்லுக்கட்டிவிட்டு ஸ்டுடியோக்காரர் டாக்டரம்மாவுக்குப் போன் செய்தார்.

“மேடம், எங்கிட்ட இருக்கறது ஒரே லென்சு. பெருசாக்கவும் முடியாது, சின்னதாக்கவும் முடியாது. ஒரே தூரத்துல இருந்து எடுத்தா ஒரு மயிரிழை மாறாது. பட்டையே வேணாம்.”

“தூரம் மாறாம எப்படி எடுப்பீங்க?”

“கயிறு கட்டி எடுக்கறேன் மேடம்.”

டாக்டரம்மா சிரித்துவிட்டார். “சரி, அப்படியே எடுங்க. மாத்தாம எடுங்க.”

கயிற்றை அளந்து கொடுத்தது மச்சான்தான். அளவு விஷயத்தில் அவர் யாரையும் நம்ப மாட்டார். மெல்லிய நைலான் கயிறு, மூன்றரை அடி. ஒரு முனை கேமராவில். மறுமுனையில் ஒரு முடிச்சு. மச்சான் நாற்காலியில் உட்கார்ந்து, முக்காலியில் காலை நேராக நீட்டி, முடிச்சை முட்டிச்சில்லின் மேல் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொள்வார். முட்டியிலிருந்து பாதம் வரை ஒன்றரை அடி. பாதத்திலிருந்து கேமரா வரை இரண்டடி. ஸ்டுடியோக்காரர் எதிரே மண்டியிட்டு, கயிறு விறைக்கும் இடத்தில் நிறுத்திப் படம் எடுப்பார்.

“கயிறு கட்டி மாடு மேய்ப்பாங்க. போட்டோ எடுக்கறவர இப்பத்தான் பாக்குறேன்,” என்பார் மச்சான்.

“மாடு யாரு மச்சான், நீங்களா நானா?”

“முடிச்சு யார் கையில இருக்குன்னு பாருங்க மாப்ளே.”

உள்ளே பாண்டேஜ் சுருட்டிக்கொண்டிருக்கும் தங்கை சிரிப்பாள். “ரெண்டு மாட்டையும் கட்டி மேய்க்கறது நானு.”

மச்சானால் தன் உள்ளங்காலைப் பார்க்க முடியாது. அவ்வளவு குனிய வயிறு விடாது. படம் எடுத்ததும் கேமராவைத் திருப்பிக் காட்டச் சொல்வார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பட்டறையில் சாமானைச் சரிபார்ப்பதுபோலப் பார்ப்பார்.

“அஞ்சுல இருந்து நாலரைக்கு வந்திருச்சு.” அடுத்த செவ்வாய், “நாலு.” அதற்கடுத்து, “மூணே முக்கால்.” ஆறாவது செவ்வாயன்று மூன்றே கால் சென்டிமீட்டர். அன்று தங்கை அண்ணனுக்கு அவித்த முட்டை இரண்டாக வைத்தாள். டீக்கடைக்காரி சர்க்கரை போடாத டீயைத் தானே கொண்டுவந்து கொடுத்து, “லேத்தண்ணே, அடுத்த மாசம் நீங்களே நடந்து வந்து குடிக்கணும்” என்றாள்.

ஏழாவது செவ்வாய்க்கு முன்பு மூன்று நாள் விடாத மழை. சாரல் உள்ளே அடித்ததால் ஜன்னல்களையெல்லாம் சாத்தி வைத்திருந்தார்கள். காயாத துணிகள் கொடியில் தொங்கின. காலையில் தங்கை கட்டைப் பிரித்தாள். பிரித்தவள் கொஞ்ச நேரம் கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள்.

“என்னம்மா?” என்றார் மச்சான்.

“ஒண்ணுமில்லண்ணே. வாடை வர்ற மாதிரி இருக்கு.”

“துணி காயலல்ல. அதுவா இருக்கும்.”

அவள் பழைய கட்டையும் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனாள். ஸ்டுடியோக்காரர் கேமராவோடு வந்து மண்டியிட்டார். மண்டியிட்டதும் அது அவர் முகத்தில் வந்து மோதியது. துணி வாடை இல்லை.

கயிறு தொய்ந்திருந்தது. அவர் விறைக்கும் வரை பின்னால் நகர்ந்தார். அங்கே நிற்க வேண்டும். நிற்கவில்லை. முட்டியைத் தேய்த்து இன்னும் அரையடி போனார்.

பாதம் வீங்கியிருந்தது. படச் சட்டத்தின் ஓரத்தை அது தொடுவதுபோல இருந்ததால்தான் பின்னால் போனேன் என்று அப்போது அவர் தனக்குள் சொல்லிக்கொண்டார். அது பொய்யும் இல்லை. இருபது வருடமாக அடங்காத எதற்கும் அவர் செய்தது அதுதான்.

கயிறு இழுத்தது. பிறகு இழுக்கவில்லை. தரையில் விழுந்து கிடந்தது. அவர் பொத்தானை அழுத்தினார்.

“படம் விழுந்திருச்சா மாப்ளே?”

“விழுந்திருச்சு மச்சான். நல்லா வந்திருக்கு.”

கேமராவைத் திருப்பிக் காட்டினார். மச்சான் கண்ணாடியைத் தேடவில்லை. எட்ட இருந்தே பார்த்துவிட்டு, “அப்படியே இருக்கு” என்றார்.

படம் போனது. பத்து நிமிடத்தில் டாக்டரம்மா கூப்பிட்டார். போனைத் தங்கைதான் எடுத்தாள்.

“அளவு கூடல. சுருங்கவும் இல்ல, ஆனா கூடல. அதே மருந்து போடுங்க.”

“வாடை வருதும்மா.”

“புண்ணுன்னா லேசா இருக்கும். சீழ் வருதா?”

“சீழ் மாதிரி இல்லம்மா. ஆனா ஒரு மாதிரியா…”

“படத்துல மோசமா தெரியல. காய்ச்சல் வந்தா உடனே சொல்லுங்க. அடுத்த செவ்வாய் பாக்கலாம்.”

அவள் போனை வைத்துவிட்டுக் கணவனைப் பார்த்தாள். “எனக்கென்னமோ கூட்டிக்கிட்டுப் போயிரலாம்னு தோணுது.”

“இந்த மழையிலயா? அதான் அவங்களே சொல்லிட்டாங்களே. படத்துல இருக்கறதுதான இருக்கும்? நீ தெனமும் பக்கத்துல உக்காந்து பாக்கற, உனக்குப் பெருசாத்தான் தெரியும்.”

அவள் சரியென்று தலையாட்டினாள். படத்தைப் பற்றி அவரிடம் அவள் என்றும் வாதாடியதில்லை.

எட்டாவது செவ்வாயன்று அவர் இன்னும் அரையடி பின்னால் போனார். கயிறு இழுத்த மாதிரியே தெரியவில்லை. டாக்டரம்மா அதையேதான் சொன்னார். இரண்டு நாள் கழித்து மச்சானுக்குக் குளிர் எடுத்தது. போர்வை மேல் போர்வை போட்டும் கட்டில் நடுங்கியது. வாடகை வண்டி பிடித்துக் கொண்டுபோனார்கள்.

டாக்டரம்மா பாதத்தைக் கையில் ஏந்திப் பார்த்தார். போனை எடுத்துப் படங்களைப் பார்த்தார். மறுபடி பாதத்தைப் பார்த்தார்.

“ரெண்டு நாள்ல இவ்வளவா? எலும்புக்குப் போயிருச்சு. முட்டிக்குக் கீழ எடுக்கணும். வேற வழியில்ல.” சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்தி, “இது ஆரம்பிச்சு ரெண்டு வாரம் இருக்கும். அப்பவே பிடிச்சிருந்தா ஒரு விரலோட போயிருக்கும்” என்றார்.

தங்கை டாக்டரம்மாவின் பக்கம் வந்தாள்.

“ஒரு நாள் கட்டு மாத்தலம்மா,” என்றாள். “எங்க சின்னம்மாவுக்கு ஒடம்பு சரியில்லன்னு பாக்கப் போயிருந்தேன். திரும்பி வர முடியல, மழை. அந்த ஒரு நாள்தாம்மா மாத்தல.”

“அதனால இருக்காதும்மா.”

“அதனாலதாம்மா.”

அன்று முதல் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். நர்சிடம் சொன்னாள், எதிர்க்கட்டில்காரரின் மருமகளிடம் சொன்னாள், போனில் விசாரித்தவர்களிடமெல்லாம் சொன்னாள். ஒரே வரிசையில் ஒரே வார்த்தைகள். சின்னம்மா, மழை, ஒரு நாள். சொல்லச் சொல்ல அவள் குரலில் அழுகைகூடக் குறைந்து, பள்ளிக்கூடத்துப் பாடம் ஒப்பிப்பதுபோல ஆகிவிட்டது. ஸ்டுடியோக்காரர் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

ஆபரேஷனுக்கு முதல் நாள், விடியுமுன் பஸ் ஏறி மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தார். ஸ்டுடியோ பூட்டியிருந்ததால் கதவில் இரண்டு பேர் போன் நம்பர் எழுதிச் சொருகியிருந்தார்கள். துணியை எடுத்து வைத்துவிட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டார். கயிறு கட்டி எடுத்த எட்டுப் படங்களையும் வரிசையாக வைத்தார். பாதம் எல்லாப் படத்திலும் ஏறக்குறைய ஒரே அளவாக இருந்தது. ஒரு நிமிடம் நெஞ்சு லேசானது. பிறகு முக்காலியின் விளிம்பில், குதிகாலுக்குப் பக்கத்தில், ரெக்சினை இழுத்து அடித்திருந்த ஒரு பித்தளை ஆணி தெரிந்தது. ஆணி வீங்காது.

மனைவியின் மேசை இழுப்பறையில் தொடாமல் கிடந்த அளவுகோலை எடுத்துத் திரையின் மேல் வைத்தார். ஆறாவது வாரம் வரை பத்து மில்லிமீட்டர். ஏழாவதில் எட்டு. எட்டாவதில் ஏழுகூட இல்லை.

கணக்குப் போடப் பெரிய படிப்பு வேண்டியதில்லை. மூன்றே கால் என்று தெரிந்தது ஏழாவது வாரம் நாலாக இருந்திருக்கிறது. எட்டாவது வாரம் ஐந்து. பெருகியதைப் பெருகவில்லை என்று அவர் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். வீக்கம் பாதத்தைப் பெரிதாக்க, அவர் பின்னால் போய்ப் பழைய அளவுக்குக் கொண்டுவந்திருக்கிறார். பட்டை ஒட்டியிருந்தால் அது சொல்லியிருக்கும். வேண்டாமென்றது அவர்தான்.

சட்டத்துக்குள் அடங்கவில்லை என்பதை இனித் தனக்குள்கூடச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. ஏழாவது வாரப் படத்தில் பாதத்தைச் சுற்றி ஒரு விரற்கடை இடம் காலியாக இருந்தது.

மூன்று மணிக்கு வார்டுக்குத் திரும்பினார். மச்சான் தலையணையை முதுகுக்குக் கொடுத்து உட்கார்ந்து ரொட்டியைப் பாலில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். தங்கை பாத்திரம் கழுவப் போயிருந்தாள்.

“சாப்பிட்டீங்களா மாப்ளே?”

“மச்சான்.” உட்காராமல் நின்றார். “கடைசி ரெண்டு படமும் தப்பு. நான் பின்னாடி போயிட்டேன்.”

மச்சான் ரொட்டியைக் கிண்ணத்தில் வைத்தார்.

“நாத்தம் தாங்கல மச்சான். வேற ஒண்ணுமில்ல. அந்த நாத்தம் எனக்குத் தாங்கல.”

எதிர்க்கட்டிலில் யாரோ இருமினார்கள். மச்சான் விரலைத் துண்டில் துடைத்தார், ஒவ்வொன்றாக.

“தெரியும்.”

“என்ன தெரியும்?”

“கயிறு இழுத்துச்சுல்ல. நீங்க அரையடி போனீங்க. உங்க மூஞ்சிய பாத்தேன். பாவமா இருந்துச்சு. முடிச்சுல இருந்து விரல எடுத்துட்டேன்.”

ஸ்டுடியோக்காரர் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

“எனக்கே தெரிஞ்சுது மாப்ளே, வாடை. தங்கச்சி வீட்டுல வந்து படுத்துக்கிட்டு, உங்க வீட்டையே நாறடிச்சுக்கிட்டு… இழுத்துப் பிடிச்சு வச்சுக்கிட்டு ‘கிட்ட வாங்க, கிட்ட வந்து மோந்து பாருங்க’ன்னா சொல்ல முடியும்?”

“சொல்லியிருக்கணும் மச்சான்.”

“படத்தப் பாத்தப்ப மூணேகால்னு தெரிஞ்சுது. பொய்யுன்னு தெரிஞ்சுதான் பாத்தேன். ஆனா பாக்க நல்லா இருந்துச்சு.” கொஞ்சம் சிரிக்கப் பார்த்தார். “நம்ம பட்டறையில ஒரு பய இப்படி அளந்திருந்தா செவுட்டுல விட்டிருப்பேன்.”

மச்சான் ரொட்டிக் கிண்ணத்தைத் தள்ளி வைத்தார்.

“அவகிட்டச் சொல்லாதீங்க. நான் விரல எடுத்தத. நாளைக்கு நீங்க ரெண்டு பேருந்தான் எனக்குக் காலு. உங்களுக்குள்ள வேணாம்.”

“அவ தன்னாலதான்னு நெனச்சுக்கிட்டிருக்கா மச்சான்.”

“கொஞ்ச நாள்ல மறந்துருவா.”

மறக்க மாட்டாள் என்று இருவருக்குமே தெரியும்.

வராந்தாக் கோடியில் குழாயடி. அவள் பால் பாத்திரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் குடம் பிடித்துக்கொண்டிருந்த யாரோ ஒரு பெண்ணிடம், “ஒரு நாள் கட்டு மாத்தாம விட்டுட்டேங்க, சின்னம்மாவப் பாக்கப் போயி” என்றாள். அந்தப் பெண் உச்சுக்கொட்டிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

“உன்னால இல்ல,” என்றார் ஸ்டுடியோக்காரர்.

“சும்மா ஆறுதலுக்குச் சொல்லாதீங்க.”

“என்னாலதான். கடைசி ரெண்டு வாரம் நான் தூரத்துல இருந்து எடுத்தேன். புண்ணு சின்னதாத் தெரிஞ்சுது. டாக்டரம்மா அத நம்புனாங்க.”

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவள் நிறுத்தவில்லை.

“எதுக்குத் தூரமாப் போனீங்க?”

“நாத்தம்.”

அவள் பாத்திரத்தை அலசினாள். அலசியதையே மறுபடி அலசினாள்.

“நான் சொன்னேன்ல, வாடை வருதுன்னு.”

“சொன்ன.”

“எனக்குத்தான் பெருசாத் தெரியுதுன்னீங்க.”

“சொன்னேன்.”

“கயிறு அண்ணன் கையில இருந்துச்சே?”

“நழுவிருச்சு.”

“இருபத்தஞ்சு வருசம் ஓடற மிசின்ல இரும்பப் பிடிச்ச கை அது. ஒரு கயிறு நழுவுமா?” அவள் குழாயை மூடினாள். வராந்தா சட்டென்று அமைதியானது. “அவரும் விட்டுட்டாரா?”

அவர் பாத்திரத்தை வாங்கக் கையை நீட்டினார்.

“ரெண்டு பேரும் ஒருத்தருக்கொருத்தர் மரியாதை பண்ணிக்கிட்டீங்க,” என்றாள். சத்தம் போடவில்லை. “நாந்தான் தெனமும் அந்த நாத்தத்துல உக்காந்திருந்தேன். என்னை ரெண்டு பேருமா சேந்து, நீ பயந்தவன்னு சொல்லி உக்கார வச்சுட்டீங்க.”

“திட்டிரு.”

“திட்டுனா உங்களுக்கு நல்லா இருக்கும்.”

பாத்திரத்தை எடுத்துக்கொண்டு வார்டுக்குள் போனாள். அவர் பின்னால் போனார். கட்டு மாற்றும் நேரம். நர்ஸ் தட்டோடு வந்து, “நீங்களே நல்லாத்தான் பண்றீங்கக்கா. பிரிச்சுக் கழுவி வைங்க, நான் வந்து மருந்து போடறேன்” என்று வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

மச்சான் தங்கையின் முகத்தைப் பார்த்தார், மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். எல்லாம் தெரிந்துவிட்டது என்று புரிந்துகொண்டார். வாயைத் திறந்தார்.

“ஒண்ணும் பேசாதண்ணே,” என்றாள் அவள். உறையைக் கையில் மாட்டினாள். இன்னொரு ஜோடியைக் கணவனிடம் நீட்டினாள். “காலப் பிடிங்க.”

அவர் மாட்டிக்கொண்டு கால்மாட்டில் முழங்காலிட்டார். இரண்டு கையாலும் குதிகாலைத் தூக்கிப் பிடித்தார். சூடாக இருந்தது, கனமாக இருந்தது. இத்தனை வாரத்தில் அந்தக் காலை அவர் தொட்டதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அவள் சுற்றுச் சுற்றாகப் பிரித்தாள். கடைசிச் சுற்று ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. தண்ணீர் விட்டு நனைத்து, பொறுத்து, எடுத்தாள்.

“மாப்ளே, வேணும்னா மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கங்க,” என்றார் மச்சான்.

“வேணாம்,” என்றாள் அவள். “பாக்கட்டும்.”

முகத்துக்கும் அதற்கும் நடுவே ஒரு சாண் இருந்தது. அவர் கண்ணில் நீர் வந்தது. வாடையாலா என்று அவருக்கே தெரியவில்லை. நகரவில்லை.

மச்சான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். “எவ்வளவு இருக்கு?” என்று கேட்டார்.

அவள் பஞ்சை நனைத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“கேக்குறேன்ல. நாளைக்குப் போகப் போற காலு. சரியான அளவு தெரிஞ்சுக்கறேன்.”

“ரெண்டு பாஸ்போர்ட் படத்தப் பக்கத்துல பக்கத்துல வச்ச மாதிரி இருக்கு மச்சான்.” என்றார் ஸ்டுடியோக்காரர். “ஏழு சென்டிமீட்டர்.”

“ஏழு.” மச்சான் அதை மனதுக்குள் எழுதிக்கொண்டதுபோலத் தலையசைத்தார். “ஆழம்?”

ஸ்டுடியோக்காரர் இன்னும் குனிந்தார்.